விளிம்பில் விட்ட கரி

"என் புருஷனைக் காப்பாத்துங்கன்னு கேட்க நான் வரலைங்க. அவர் தப்பு பண்ணாரா, இல்லையா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

வந்த பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். குரல் நேராக இருந்தது, கண் காய்ந்திருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. வழக்கம்போல் முதல் சந்தேகத்தை அவள்மேலேயே போட்டு வைத்தேன். அப்புறம் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் என் சித்தி. அம்மாவுக்குத் தங்கை, எனக்கு முதலாளி. இருபத்திரண்டு வருடம் விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர், இப்போது மனிதர்களைப் பார்த்து எழுதுகிறார். ஆள் இருக்கும்போது 'மேடம்' என்று கூப்பிட வேண்டும் என்பது எனக்கு நிரந்தர உத்தரவு. மூன்று தொழில் செய்து மூன்றிலும் மண்ணைக் கவ்விய எனக்கு முப்பத்திரண்டு வயதில் வேலை கொடுத்த புண்ணியவதி அவர் என்பதால் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் சித்தி.

"என் வீட்டுக்காரர் மெக்கானிக். எஞ்சினைப் பிரிச்சு, பிஸ்டன்ல படிஞ்ச கரியைச் சுரண்டி எடுக்கறதுல அவரை அடிச்சுக்க ஆளில்ல. அதனாலயே எல்லாரும் 'சுரண்டி'ன்னு கூப்பிடுவாங்க. பதினஞ்சு நாளைக்கு முன்னாடி ஒரு வேனுக்கு அந்த வேலை செஞ்சு கொடுத்தார். பதினோரு நாள் வண்டி நல்லா ஓடுச்சு. திங்கட்கிழமை காலையில நேரா பிளாட்பாரத்துல ஏறி, தபால் பெட்டியைத் திறந்துட்டிருந்த தபால்காரரை அடிச்சிடுச்சு. பாவம், ரெண்டு காலும் நொறுங்கிப் போச்சு."

"ஓட்டினது யாரு?"

நேராக இருந்த குரல் அங்கே தடுக்கியது.

"என் தம்பிங்க. தலையில அடி. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் கண்ணைத் திறக்கல."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். அவள்மேல் போட்டிருந்த சந்தேகத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டேன்.

"அவனுக்கு ஒன்பது வயசா இருக்கும்போது அப்பா, அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க. நாங்கதான் வளர்த்தோம். எங்களுக்குன்னு பிள்ளை கிடையாது" என்றாள். "வேன் முதலாளி சொல்றார், என் வீட்டுக்காரர் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, அந்தத் தூளை உள்ளேயே விட்டுட்டாராம். அது பிஸ்டனை அரைச்சு, எஞ்சின் இறுகி, சக்கரம் நின்னு வண்டி இழுத்துட்டுப் போயிடுச்சாம். பிஸ்டனையே கழட்டி வெச்சிருக்கார். இன்ஸ்பெக்டர் அதை வாங்கிக்கிட்டு, அஞ்சு மணிக்குப் பட்டறைக்கு வந்து இவரைக் கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு."

"அவர் என்ன சொல்றார்?"

"வாயே திறக்கல. நாலு நாளா என் முகத்தைப் பார்த்துப் பேசல." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அவரோட கவனக்குறைவாலதான் என் தம்பி அப்படிக் கிடக்கறான்னா, நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன். அப்படி இல்லைன்னா, ஜெயில் வாசல்ல போய் நிக்கவும் தயார். ரெண்டுல எதுன்னு தெரியாமத்தான் செத்துக்கிட்டு இருக்கேன்."

சித்தி எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "அஞ்சு மணிக்குள்ள சொல்லிடறேன். நீ பட்டறையில போய் இரு. நாங்க வர்றவரைக்கும் அவரை ஒரு வார்த்தை கேட்காதே."

*

வேன் முதலாளி எங்களைப் பார்த்ததும் டீ சொன்னார். நாங்கள் யார் என்று கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். காரணமில்லாமல் டீ வாங்கிக் கொடுப்பவனை நம்பி நான் ஒரு தொழிலைத் தொலைத்திருக்கிறேன். அதனால் குவளையைக் கையில் வாங்கிக்கொண்டேனே தவிர வாயில் வைக்கவில்லை.

தகரக் கூரை போட்ட ஷெட். ஓரத்தில் மூக்கு நசுங்கிய அந்த வேன். நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்த அறை. சுவரில் ஒரு கரும்பலகை. எந்த ஓட்டுநர் எந்த நாள் எந்த வேளை என்று சாக்பீஸால் கட்டம் போட்டு எழுதியிருந்தது. மேஜைமேல் சிவப்பு பிளாஸ்டிக் தட்டில் நான்கு பிஸ்டன்கள்.

பிஸ்டனைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கவிழ்த்து வைத்த கனமான அலுமினியக் குவளை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைக்கு மேலேதான் எரிபொருள் வெடிக்கும். அந்த வெடிப்பில் மேலும் கீழும் ஓடுவதுதான் அதன் பிழைப்பு. இந்த நான்கின் பக்கவாட்டிலும் பூனை பிறாண்டியதுபோல் நீளக் கீறல்கள். தலைமட்டும் பளபளவென்று இருந்தது. ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டதுபோல் மெல்லிய கரிக்கோடு ஒன்று.

"பேரு சுரண்டி, ஆனா ஓரத்தைச் சுரண்டாம விட்டுட்டாரே" என்றேன். "நடுவுல வழுக்கை, சுத்தி மட்டும் கொஞ்சம் முடி."

முதலாளியின் கை தானாகத் தன் தலைக்குப் போனது. அவருக்கும் அதே அமைப்புதான் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"கீறலைப் பார்த்தீங்களா மேடம்?" என்றார் அவர், என்னை முறைத்தபடி. "எல்லாம் உப்புத்தாள் தூள். அந்த ஆளை நம்பி வண்டியை விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

சித்தி பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். பிஸ்டன் தலையில் நடுவாக வைத்து அழுத்தி ஒரு துடை. கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். என் சட்டையைவிட வெள்ளையாக இருந்தது. மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"எஞ்சினைப் பிரிச்சது யாருங்க?"

"ஆள் வெச்சுப் பிரிச்சோம் மேடம்."

"எந்த ஆள்?"

"நம்ம ஆள்தான்."

"பேரு?"

"டீ ஆறுது மேடம்."

கரும்பலகையை நோட்டம் விட்டேன். செவ்வாயிலிருந்து சனி வரை சாக்பீஸ் தூசி படிந்து பழசாக இருந்தது. ஞாயிறும் திங்களும் மட்டும் ஈரத்துணியால் துடைத்துக் கன்னங்கரேலென்று காலியாக இருந்தன. முதலாளி என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். எழுந்து வந்து பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, இன்னொரு டீ சொல்லட்டுமா என்றார்.

*

ஸ்கூட்டரைச் சித்திதான் ஓட்டுவார். நான் பின்னால் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொள்வேன்.

"டேய், பதினோரு நாள் தொடர்ந்து அடுப்புல ஏத்தி இறக்கின பாத்திரத்தோட அடி எப்படி இருக்கும்?"

"கழுவாமலா? நம்ம வீட்டுப் பாத்திரம் மாதிரி இருக்கும்."

"எஞ்சினும் அடுப்புதான். சுத்தம் பண்ணி மாட்டின மறுநாளே பிஸ்டன் தலையில கரி படிய ஆரம்பிச்சிடும். பதினோரு நாள் ஓடியிருந்தா என் கைக்குட்டை எப்படி இருந்திருக்கணும்?"

எனக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. புரிந்ததும் கத்திவிட்டேன். பக்கத்தில் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அது அந்த வேன் பிஸ்டனே இல்ல! எங்கேயோ கிடந்த கீறல் விழுந்த பிஸ்டனை எடுத்து, சுரண்டி சுத்தம் பண்ண எஞ்சின்னு காட்டறதுக்காகத் தேய்ச்சுப் பளபளப்பாக்கி வெச்சிருக்கான் அந்த வழுக்கை. அதுக்கப்புறம் வண்டி ஓடுச்சேங்கிறதை மறந்துட்டான். சித்தி, பலகையில ஞாயிறு, திங்கள் ரெண்டும் துடைச்சிருக்கு, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பரவாயில்லையே, உனக்கும் கண்ணு இருக்கு."

"கேஸ் முடிஞ்சுது. போய் அந்த அம்மாகிட்ட நல்ல சேதி சொல்லிட்டு, இன்ஸ்பெக்டரை இந்தப் பக்கம் திருப்பி விடலாம்."

வெற்றி கிடைத்தால் அவர் ஹாரன் அடிப்பார். இரண்டு தெரு தாண்டியும் ஹாரன் சத்தம் வரவில்லை.

"அந்த முதலாளி விரல் நகத்தைப் பார்த்தியா?" என்றார் கடைசியில். "அழுக்கே படாத கை. பிஸ்டன் தலையைக் கீறல் இல்லாம சுத்தம் பண்றது லேசுப்பட்ட வேலை இல்லடா. அதை யாரோ தெரிஞ்சவன்தான் பண்ணியிருக்கான். யாருன்னு தெரியாம நான் நல்ல சேதி சொல்லமாட்டேன்."

*

பட்டறை ஒரு சந்தின் முனையில் இருந்தது. ஒரே அறை, பாதி இருட்டு, டீசல் வாடை. உள்ளே நுழைந்ததும் எனக்கு மூன்று விஷயங்கள் பிடிக்கவில்லை. சுரண்டி தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். பெஞ்சின்மேல் ஒரு துணிப்பை, இரண்டு சட்டையும் ஒரு துண்டும் மடித்து வைத்துத் தயாராக இருந்தது. பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள் என்றால் மனிதன் பதறுவான், ஓடுவான், வக்கீலைத் தேடுவான். இந்த ஆள் கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி முக்காலியில் உட்கார்ந்து, வேறு யாருடைய பிஸ்டனையோ ஒரு மூங்கில் சில்லால் நிதானமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றிருந்தாள். இருவருக்கும் நடுவே பத்தடி தூரம்.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம் மேடம்" என்றார் சுரண்டி, நிமிராமலே. "இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லப் போறதையே உங்ககிட்டயும் சொல்லிடறேன். தப்பு என்மேலதான். உப்புத்தாள் போட்டேன். தூள் உள்ள விழுந்துச்சு. கவனிக்கல."

டிரம்மின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் கை நழுவியது.

"அவ்வளவுதானே? கேட்டுட்டேன்" என்றாள். "ரொம்ப நன்றிங்க மேடம். நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். இனிமே அங்கேயே இருந்துக்கறேன்."

வாசலை நோக்கி நடந்தாள். அவர் தடுக்கவில்லை. மூங்கில் சில்லு மட்டும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓடியது. முதலாளியின் பொய்யைப் பிடித்துக் கையில் வைத்திருக்கிறோம், இந்த மனிதன் என்னடா என்றால் அதே பொய்க்குக் கையெழுத்துப் போடுகிறார்!

"அஞ்சு நிமிஷம் நில்லும்மா" என்றார் சித்தி. பிறகு சுரண்டியிடம், "ஒரு உப்புத்தாள் இருந்தா கொடுங்க. என் ஸ்கூட்டர்ல ஒரு துரு இருக்கு, தேய்க்கணும்."

சுரண்டியின் கண் ஒரு சுற்று ஓடியது. "தீர்ந்துபோச்சு."

நான் உரிமையோடு இழுப்பறைகளைத் திறந்தேன். மூங்கில் சில்லுகள், பழைய பல் தேய்க்கும் பிரஷ்கள், பிஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளத்தை நோண்ட உடைத்து வைத்த பழைய பிஸ்டன் வளையத் துண்டுகள், டீசலில் ஊறும் துணிகள். உப்புத்தாள் ஒரு கிழிசல்கூட இல்லை.

வாசலில் நின்றவள் திரும்பினாள். "நீங்க எங்கே உப்புத்தாளைத் தொட்டீங்க? போன வருஷம் ஒருத்தர் வாங்கிட்டு வந்தப்ப, பிஸ்டனைக் கொல்லப் பார்க்கறியான்னு கத்தித் தெருவுல தூக்கி எறிஞ்சீங்களே."

அவர் பிஸ்டனைத் திருப்பிப் பிடித்துச் சுரண்டினார். சித்தி குனிந்து, அவர் சுரண்டி முடித்து வரிசையாக வைத்திருந்த பிஸ்டன்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"நல்ல வேலைங்க. ஆனா ஓரத்துல ஏன் கொஞ்சம் கரியை விட்டுட்டீங்க?"

இருபது வருடம் பழகிய கை. வேலையைப் பற்றிக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? "அது வேணும்னு விடறது மேடம். பழைய எஞ்சினுக்கு அந்தக் கோடு இருக்கணும். தேய்ஞ்ச எஞ்சின்ல அதையும் வழிச்சு எடுத்துட்டா எண்ணெய் மேல ஏறும், வண்டி புகையாக் கக்கும். இங்கே யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. பார்க்கப் பளபளன்னு இருக்கணும்னு மொத்தமா எடுத்துடுவாங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல கோடு விடறவன் நான் ஒருத்தன்…"

அங்கே நின்றுவிட்டார். மூங்கில் சில்லும் நின்றது.

நான் கேலி செய்த அந்த வழுக்கையும் ஓரத்து முடியும், இதோ இவர் வரிசையில் ஆறு உருப்படி.

"முதலாளி தட்டுல இருக்கற நாலு பிஸ்டன்லயும் இந்தக் கோடு இருக்கு" என்றார் சித்தி. குரலை உயர்த்தவில்லை. "ஆனா அது சுத்தம் பண்ணதுக்கப்புறம் ஒரு நாள்கூட ஓடாத பிஸ்டன். என் கைக்குட்டையில பொட்டுக் கரி ஒட்டல. உங்களை மாட்டிவிடறதுக்காகத் தயார் பண்ண சாட்சி அது. அதைத் தயார் பண்ணது உங்க கை."

"என்ன சொல்றீங்க மேடம்?" என்றாள் அவள்.

"உன் புருஷன் தனக்கு எதிரா தானே பொய் சாட்சி செஞ்சு கொடுத்திருக்கார்மா. வேன்லேருந்து கழட்டின நிஜப் பிஸ்டன் எங்கேன்னு அவர்தான் சொல்லணும்."

சுரண்டி எழுந்தார். பெஞ்சுக்கு அடியிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். நான்கு பிஸ்டன்கள். பக்கவாட்டில் ஒரு கீறல் இல்லை. சித்தி தலையைத் துடைத்ததும் கைக்குட்டை கறுத்துப்போனது.

"திங்கட்கிழமையே ஷெட்டுக்குப் போய் வண்டியைப் பார்த்தேன்" என்றார் சுரண்டி. "எஞ்சின் நல்லாருக்கு. பிரேக் நல்லாருக்கு. ஸ்டியரிங் நல்லாருக்கு. எதாவது ஒரு குறை கிடைக்காதான்னு ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்த்தேன் மேடம். ஒண்ணுமில்ல. வண்டியில தப்பில்லைன்னா, அப்புறம் மிச்சம் யாரு?"

சித்தி பிஸ்டனைப் பொட்டலத்தில் திரும்ப வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை பகல் ஓட்டினான், ராத்திரி ஓட்டினான், விடிஞ்சதும் திரும்ப ஏத்தி விட்டுட்டாங்க. போற வழியில இங்கே நிறுத்தி முகம் கழுவினான். 'மாமா, கண்ணு எரியுது'ன்னான். சாவியைப் பிடுங்கி வெச்சிருக்கணும் நான். 'பார்த்துப் போடா'ன்னு சொன்னேன்." புறங்கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னத்தில் கரி இழுத்தது. "முதலாளிகிட்ட நானே போய்ப் பேசினேன். பழியை நான் ஏத்துக்கறேன், அவன் தூங்காம ஓட்டினதை நீங்க வெளியில சொல்லாதீங்கன்னு. அவருக்குக் கசக்குமா? அவரும்தானே மாட்டுவார். பழைய இரும்புக் கடையில இதே ரகப் பிஸ்டன் கீறல் விழுந்து கிடந்துச்சு. கெட்டியாக் கரி. நான் சுத்தம் பண்ண எஞ்சினை அப்படிக் காட்ட முடியாதே, ஊறப் போட்டுச் சுரண்டினேன். கை அதுபாட்டுக்கு ஓரத்தை விட்டிருக்கு. தப்பை ஒத்துக்கிட்டவனோட சாமானை யாரு உத்துப் பார்க்கப் போறாங்கன்னு இருந்துட்டேன்."

"ஏன்?" என்றாள் அவர் மனைவி.

அவர் நான்கு நாளில் முதல் தடவையாக அவளைப் பார்த்தார்.

"நீதானே சொன்னே. ஆஸ்பத்திரி வாசல்ல என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு. யார் தப்பா வேணும்னாலும் இருக்கட்டும், என் தம்பி தப்பா மட்டும் இருக்கக்கூடாதுன்னு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அதோடு கோபமும் வந்தது. "அதுக்காக? நாலு நாளா உங்களுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்கல நான். இப்பக்கூட வாசல் தாண்டிப் போயிருப்பேன். போனா போகட்டும்னு உட்கார்ந்திருந்தீங்களே, மனுஷனா நீங்க?"

"நீ போயிருந்தாலும் உனக்கு அவன் இருப்பான்ல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சந்தில் பார்க்க ஒன்றுமில்லை. இருந்தாலும் பார்த்தேன்.

சித்தி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு இன்னும் ஏழு நிமிடம். "நான் பொய் சொல்லமாட்டேன்மா. ஆனா இது நீ கேட்ட கேள்வி, நான் பதில் சொல்ல வேண்டியது உனக்கு மட்டும்தான். சொல்லியாச்சு. இன்ஸ்பெக்டர்கிட்ட என்ன சொல்றதுங்கறது உன் இஷ்டம்."

"அந்தத் தபால்காரருக்கும் வீடு, வாசல் இருக்குமே" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்வதுபோல். "அவங்க கேட்பாங்களே, யாராலன்னு."

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் அந்தச் சிவப்புத் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நுழைந்தார். எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "யாருய்யா இங்கே சுரண்டி? கிளம்பு, கிளம்பு."

சுரண்டி மனைவியைப் பார்த்து 'வேண்டாம்' என்று தலையை அசைத்தார். பையை எடுத்தார். அவள் தரையை ஊன்றி எழுந்தாள். அவர் கையிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். செய்தித்தாள் பொட்டலத்தைப் பெஞ்சின்மேல் இன்ஸ்பெக்டருக்கு எதிரே தள்ளி வைத்தாள்.

"உட்காருங்க சார், சொல்லணும்" என்றாள். "வண்டியில தப்பில்ல. இவர் வேலையிலயும் தப்பில்ல." பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "என் தம்பி தூங்கிட்டான் சார்."